வீட்டில் கிடக்கும் சைக்கிளில் மோட்டார்: எந்த ஃபிரேம், எந்த மோட்டார்?

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய்வர வேண்டும், ஒரு வழி ஏறத்தாழ 15 கிலோமீட்டர். உங்கள் எடை 75 கிலோ. வீட்டில் அப்பாவின் பழைய 28 இன்ச் சைக்கிளும், தம்பி ஓட்டி முடித்த 26 இன்ச் கியர் சைக்கிளும் இருக்கின்றன. இரண்டில் எதில் சக்கரத்தின் நடுவே உட்காரும் 1000 வாட் ஹப் மோட்டார் மாட்டலாம், இல்லை 250 வாட்டே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க வாட் பற்றிய கேள்விபோல இருந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த ஃபிரேம் மோட்டாரின் முறுக்கையும் கூடும் வேகத்தையும் தாங்குமா என்பது ஒன்று. உங்கள் பாதைக்குச் சக்கரத்தில் எவ்வளவு விசை வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்வியை முடிக்காமல் கடைக்குப் போய் மோட்டார் வாங்காதீர்கள். தவறான மோட்டார் வாங்கினால் பணம்தான் போகும். ஃபிரேமோ பிரேக்கோ கைவிட்டால் லாரிக்கு முன்னால் விழுவீர்கள்.

வாட் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நீங்கள், சைக்கிள், பேட்டரி, பை எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் டயர் உருள்வதற்கான தடை சுமார் 8 நியூட்டன். நிமிர்ந்து உட்கார்ந்து 25 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றின் தடை சுமார் 17 நியூட்டன். கூட்டி, விநாடிக்கு 6.9 மீட்டரால் பெருக்கினால் 175 வாட் அளவில் வரும். சமதரைக்குத் தேவை அவ்வளவுதான். நூறு மீட்டருக்கு 4 மீட்டர் ஏறும் மேம்பாலத்தில் 18 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க 290 வாட் வேண்டும். அதில் 75 முதல் 100 வாட்டை நீங்கள் மூச்சு வாங்காமல் மிதித்தே கொடுத்துவிடலாம், மீதிதான் மோட்டாரின் பங்கு. எதிர்க்காற்று 15 கி.மீ. வேகத்தில் வீசும் நாளில் சமதரையிலேயே 25 கி.மீ. வேகத்துக்கு 360 வாட்டுக்கு மேல் கேட்கும். அப்படிப்பட்ட நாளில் வேகத்தை 20 ஆக இறக்கிக்கொள்வதுதான் வழி. சக்கரத்தில் 1000 வாட்டை முழுசாகக் கொடுத்தால் இதே ஆள் இதே சைக்கிளில் 48 கி.மீ. வேகத்தில் போவார். 15 கி.மீ. வேகத்துக்கென்று செய்த பிரேக், அந்த வேகத்தில் பத்து மடங்கு இயக்க ஆற்றலை விழுங்கியாக வேண்டும். அதைத் தாங்கும் பிரேக் இந்தச் சைக்கிள்களில் இருக்கும் என்று நம்ப முடியாது.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரைமணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன்) 250 வாட்டுக்குள், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாகப் பிரதிபலிப்பான்களும் தகுந்த பிரேக்கும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. மிதிக்கும்போது மட்டும் உதவும் வகை என்றால், மோட்டாரின் உதவி 25 கி.மீ. வேகத்தை நெருங்க நெருங்கக் குறைந்து நின்றுவிட வேண்டும், மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும். இவற்றை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்க்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. பட்டறையில் ஒன்றே ஒன்றாகச் செய்யும் சைக்கிளுக்கு அந்தச் சான்று இருக்காது. ஆகவே 250 வாட்டுக்குள் கட்டினால் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1000 வாட் போட்டால் பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எல்லாம் கேட்கும் வகைக்குள் அது போய்விடும், பட்டறையில் கட்டிய சைக்கிளுக்குப் பதிவும் காப்பீடும் உங்களால் வாங்க முடியாது. விபத்து நடந்த அன்றுதான் இதன் கனம் தெரியும்.

இனி ஃபிரேம். ஹப் மோட்டார் என்பது ஆக்சில் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி உருளை சுழல்வது. சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே முறுக்கு ஆக்சிலைப் பின்னால் திருப்பப் பார்க்கும். சாதாரணச் சைக்கிளில் ஆக்சிலுக்கு இந்த வேலையே கிடையாது, அது எடையைச் சுமந்தால் போதும். மோட்டார் ஆக்சில் வழக்கமாக 12 மி.மீ. விட்டம். இரு பக்கமும் தட்டையாகச் சீவி 10 மி.மீ. அகலமாக்கி, டிராப்அவுட்டின் (ஃபிரேமில் ஆக்சில் உட்காரும் பிளவுள்ள தகடு) பிளவுக்குள் உட்கார வைக்கிறார்கள். அந்தத் தட்டைப் பகுதியின் நீளம் 6.6 மி.மீ.தான். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கும்போது, அந்தச் சின்ன முகத்தின் இரு மூலைகளும் பிளவை ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமமான விசையோடு விரிக்கப் பார்க்கின்றன. நட்டின் பிடி இதில் ஒரு பகுதியைத் தாங்கும், மீதியை டிராப்அவுட்டின் உலோகம்தான் தாங்க வேண்டும். இரும்பு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, ஆட்டம் காட்டி எச்சரிக்கும். வார்ப்பு அலுமினியம் எச்சரிக்காமல் பிளந்துவிடும். பிளந்ததும் ஆக்சில் சுழன்று, அதன் நடுவே வரும் வயரை முறுக்கி அறுத்துவிடும். முன்சக்கரம் என்றால் சக்கரமே கழன்று வரும்.

அதனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முதலில் அளக்க வேண்டியவை டிராப்அவுட்டின் மூன்று அளவுகள். இரண்டு டிராப்அவுட்டுகளின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரம் முதலாவது. பின்சக்கர ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 135 மி.மீ.க்கும், முன்சக்கர மோட்டார்கள் 100 மி.மீ.க்கும் செய்யப்படுகின்றன. பிளவின் அகலம் இரண்டாவது, அது 10 மி.மீ. இருக்க வேண்டும். தகட்டின் தடிமன் மூன்றாவது. இரும்பு என்றால் 5 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. அரை மி.மீ. அரம் போட்டுச் சரிசெய்வதில் தவறில்லை. 8 மி.மீ. பிளவை 10 ஆக்கும் அளவுக்கு அராவினால், தாங்க வேண்டிய உலோகத்தையே எடுத்துவிடுகிறீர்கள்.

அப்பாவின் சைக்கிளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அந்த வகை ரோட்ஸ்டர்களில் பின்பக்க இடைவெளி வழக்கமாக 110 முதல் 120 மி.மீ., முன் ஃபோர்க்கில் 90 மி.மீ. அளவில்தான் இருக்கும். இரும்பு ஃபிரேமை 5 மி.மீ. வரை மெதுவாக விரிக்கலாம், இங்கே தேவைப்படும் 15 முதல் 25 மி.மீ. வரை விரித்தால் டிராப்அவுட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காது, ஆக்சில் நட்டை இறுக்கும்போது ஆக்சிலே வளையும். முன் ஃபோர்க்கின் பிளவும் மெல்லிய முன் ஆக்சிலுக்கென்று வெட்டியது. அடுத்து ரிம். அந்தக் காலத்துச் சைக்கிள்களில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 ஓட்டை, பின்சக்கரத்துக்கு 40 ஓட்டை. ஹப் மோட்டார்களின் விளிம்பிலோ 36 ஓட்டை. அந்த ரிம்மில் இந்த மோட்டாரைக் கோக்கவே முடியாது, ரிம்மையும் மாற்ற வேண்டும். ஆனால் கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தில் உரசுவதற்கென்று அந்த ரிம்முக்குத் தனி வடிவம் உண்டு. வேறு வடிவ ரிம் போட்டால் பிரேக் போய்விடும். எல்லாம் பொருந்தினாலும் அந்தப் பிரேக்கே பெரிய தடை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், ஒட்டிய தண்ணீரைக் கட்டை துடைத்து முடிக்கும் வரை பிடிப்பே கிடைக்காது. 12 கி.மீ. வேகத்தில் மிதித்துப் போகிறவருக்கு அது பழகிப்போன சங்கடம். தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஐப்பசி மழையில் 25 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு அந்த இடைவெளி கிடைக்காது.

அந்தச் சைக்கிளின் ஃபிரேம் மட்டமானது என்று இதற்குப் பொருள் இல்லை. லக் (குழாய்கள் சேரும் இடத்து இரும்பு உறை) வைத்துப் பற்றவைத்த அந்த இரும்புக் குழாய்கள் இரண்டு மூட்டை அரிசியைச் சுமந்தவை, இன்றைய மலிவு ஃபிரேம்கள் பலவற்றைவிட உறுதியானவை. ஹப் மோட்டாருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். அப்பாவின் சைக்கிள்தான் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால், சக்கரத்தைத் தொடாமல் செயின் வழியே ஓட்டும் பக்கவாட்டு மோட்டார் ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். அதில் 18 கி.மீ. வேகத்துக்கு மேல் போக நினைக்காதீர்கள்.

தம்பியின் 26 இன்ச் சைக்கிள் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. அதில் மூன்று விதம் உண்டு. நடுவில் ஷாக் வைத்து ஃபிரேம் இரண்டு துண்டாக மடிந்து ஆடும் வகை என்றால் விட்டுவிடுங்கள். முக்கோணத்துக்குள் பேட்டரிக்கு இடம் இருக்காது, மலிவு மாடல்களில் அந்த மூட்டின் புஷ் தேய்ந்து பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடும், மோட்டார் ஏறினால் அது இன்னும் வேகமாகத் தேயும். குறுக்குக் குழாய் தாழ்ந்த வகை என்றால் பேட்டரி கேரியருக்குத்தான் போகும். நான்கு கிலோ எடை பின்னாலும் மேலேயும் ஏறினால் ஹேண்டில் லேசாகி வண்டி நெளியும், சமாளிக்கலாம், ஆனால் நல்ல தேர்வு இல்லை. முன்னால் மட்டும் ஷாக், அல்லது ஷாக்கே இல்லாமல், முழு முக்கோணமாக இருக்கும் இரும்பு ஃபிரேம் என்றால் அதையே எடுங்கள். பின்பக்க இடைவெளி 135 மி.மீ. இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ரிம்மும் பெரும்பாலும் 36 ஓட்டை, டிஸ்க் பிரேக்கோ வி-பிரேக்கோ இருக்கும். டிராப்அவுட் செங்குத்தாகக் கீழ்நோக்கித் திறந்திருந்தால் இன்னும் நல்லது, நட் தளர்ந்தாலும் உங்கள் எடையே ஆக்சிலைப் பிளவுக்குள் அழுத்தி வைத்திருக்கும். அலுமினிய ஃபிரேமும் ஆகும். ஆனால் அதை விரிக்கக் கூடாது, குழாயில் ஓட்டை போடக் கூடாது, இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் (ஆக்சில் திரும்பாமல் ஃபிரேமோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை) இல்லாமல் ஓட்டவே கூடாது.

ஃபிரேமின் உடல்நிலையை நீங்களேதான் பார்க்க வேண்டும், எழுத்தில் கேட்டு யாராலும் சொல்ல முடியாது. ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றிய பற்றவைப்புகள், பின் டிராப்அவுட் குழாயோடு சேரும் இடம் ஆகிய மூன்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போன்ற கோடும் அதில் துருக்கசிவும் தெரிந்தால் அந்த ஃபிரேம் வேண்டாம். பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்வார்கள், மோட்டார் வண்டிக்கு அதை நம்பாதீர்கள். சீட் கம்பியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், மழையில் நின்ற சைக்கிள்கள் உள்ளிருந்து அரிக்கும். ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, அடுத்த டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கு இரு பக்கமும் உள்ள தூரம் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் பின்பக்கம் கோணல். பேட்டரிக்கான இடத்தை டேப்பால் அளப்பதைவிட அட்டையை வெட்டி முக்கோணத்துக்குள் வைத்துப் பார்ப்பது நல்லது. கீழ்க் குழாயில் உட்காரும் பேட்டரிப் பெட்டிகள் ஏறத்தாழ 37 செ.மீ. நீளம், 11 செ.மீ. உயரம். அதை அது உட்காரும் பட்டையிலிருந்து சறுக்கிக் கழற்ற மேலே இன்னும் சில செ.மீ. காலியிடம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மோட்டாருக்கு வருவோம். சந்தையில் கிடைப்பவற்றில் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டியவை நான்கு. உள்ளே கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் ஹப் பெரியது, ஐந்து, ஆறு கிலோ எடை. தேயும் பாகம் இல்லாததால் நெடுநாள் உழைக்கும், சத்தம் இல்லை. ஆனால் 250 வாட் அளவில் ஓட்டினால் ஏற்றத்தில் முறுக்கு பற்றாது, மின்சாரம் தீர்ந்த நாளில் மிதித்தால் காந்தம் இழுத்துப் பிடிக்கும். பிரேக் போடும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறதே என்பார்கள். திரும்புவது உண்மை. ஆனால் சைக்கிள் எடைக்கும் வேகத்துக்கும் அது சொற்பம், அதற்காக மட்டும் இந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உள்ளே பற்சக்கரம் வைத்த கியர் ஹப் இரண்டரை, மூன்று கிலோதான். மோட்டார் நான்கைந்து மடங்கு வேகமாகச் சுழன்று, கியர் வழியே முறுக்கைப் பெருக்குகிறது. உள்ளே ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் மின்சாரம் இல்லாதபோது சாதாரணச் சைக்கிள்போல உருளும். நைலான் பற்கள் தேயும் என்பது உண்மை. எத்தனை ஆயிரம் கி.மீ.யில் என்பது எடை, ஏற்றம், ஆக்ஸிலரேட்டரை எப்படித் திருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, ஆகவே அதற்கு ஒரே எண் சொல்பவரை நம்பாதீர்கள். நின்ற இடத்திலிருந்து முழுசாகத் திருகாமல் இரண்டு மிதி மிதித்துவிட்டுக் கொடுத்தால் பற்களின் ஆயுள் கூடும்.

மூன்றாவது, பெடல் அச்சில் உட்காரும் மிட் டிரைவ். சைக்கிளின் கியரையே பயன்படுத்துவதால் ஏற்காடு, ஊட்டி போன்ற மலைப்பாதைக்கு இதுதான் சரி. ஹப் மோட்டார் நீண்ட ஏற்றத்தில் மெதுவாகச் சுழன்று, உள்ளே போகும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். உங்கள் பாதையில் மலை இல்லை. இதைப் போட்டால் செயினும் பற்சக்கரமும் சீக்கிரம் தேயும், விலையும் கூடுதல். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பெடல் அச்சுக் குழாயின் அகலம் 68 முதல் 73 மி.மீ., உள்விட்டம் 34 மி.மீ. அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் உள்ள மலிவுச் சைக்கிள்களில் அந்தக் குழாய் பெரியது, நேரடியாகப் பொருந்தாது.

நான்காவது, நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் பார்ப்பது: எம்.ஒய். 1016 இசட் 2 என்ற 24 வோல்ட், 250 வாட் கார்பன் பிரஷ் மோட்டார். கியர் பெட்டியோடு சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்று, முனையில் 9 பல். அதிலிருந்து பின்சக்கரத்தின் 18 பல் ஃப்ரீவீலுக்குச் செயின் போட்டால் சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்று, 28 இன்ச் சக்கரத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. சக்கரத்தில் தொடர்ந்து கிடைக்கும் முறுக்கு 16 நியூட்டன் மீட்டர் அளவில்தான். கணக்குப் போட்டால் உங்கள் மொத்த எடையோடு நூற்றுக்கு 3 ஏற்றத்திலேயே மோட்டார் தன் முழுத் திறனைத் தொட்டுவிடும், அதற்கு மேல் நீங்கள் மிதித்தாக வேண்டும். டிராப்அவுட்டையும் ரிம்மையும் தொடாமல் மாட்டலாம் என்பதால்தான் அப்பாவின் சைக்கிளுக்கு இதைச் சொன்னேன். இதில் கெடுவது பெரும்பாலும் மோட்டார் அல்ல, பிராக்கெட். தகட்டுப் பட்டையால் ஃபிரேம் குழாயில் கட்டிய பிராக்கெட் செயின் இழுப்பில் மெல்ல நகரும், செயின் தளரும், பல் தாண்டும், ஒருநாள் கழன்று ஸ்போக்ஸில் சிக்கும். பிராக்கெட்டை இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். மோட்டார்ப் பல்லும் ஃப்ரீவீல் பல்லும் 2 மி.மீ.க்குள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். செயினின் தொய்வு அரை இன்ச். இன்னொன்று, சாதாரண ஃப்ரீவீலை அப்படியே இடப்பக்கம் மாட்ட முடியாது. முன்னோக்கி இழுக்கும்போது அது வெறுமனே உருளும், மரையும் எதிர்த்திசை ஆதலால் கழன்றுவிடும். வலப்பக்கத்திலேயே இரட்டைப் பல் ஃப்ரீவீல் போடுவது எளிது.

உங்களுக்கு நான் சொல்வது தம்பியின் முக்கோண ஃபிரேம், பின்சக்கரத்தில் 36 வோல்ட், 250 வாட் கியர் ஹப். அப்படிக் கேட்டு வாங்கும்போது வாட்டைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு, கடையில் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். சுமையில்லாமல் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதே அது. 26 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு 2.07 மீட்டர், 25 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 201 சுற்று வேண்டும். சுமை ஏறினால் மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும் என்பதால் 240 சுற்று அளவில் கேளுங்கள். 20 இன்ச் மடக்குச் சைக்கிளுக்கும் சிறு சக்கரங்களுக்கும் என்று செய்த 330 சுற்று மோட்டாரை 26 இன்ச் சக்கரத்தில் போட்டால் சமதரையில் பறக்கும், மேம்பாலத்தில் தன் வேகத்தில் பாதிக்கும் கீழே இறங்கி, மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும். ‘மோட்டார் வீணாப்போச்சு’ என்று வரும் புகார்களில் பலவும் உண்மையில் சுற்று பொருந்தாததால் வருபவை.

மோட்டார் மேல் ஒட்டிய வாட் என்பது விற்பவர் தரும் எண். உள்ளே போகும் மின்சாரத்தைத் தீர்மானிப்பது கண்ட்ரோலர். 36 வோல்ட், 15 ஆம்பியர் கண்ட்ரோலர் உச்சத்தில் 540 வாட்டை எடுக்கும், அதில் நான்கில் மூன்று பங்கோ சற்றுக் கூடுதலோ சக்கரத்துக்கு வரும். மேம்பாலம் ஏறும் ஓரிரு நிமிடத்துக்கு அது தாராளம், அரைமணி நேரச் சராசரியாக 250-க்குள்தான் நிற்கும். ஆகவே 14 அல்லது 15 ஆம்பியருக்கு மேல் கண்ட்ரோலர் வாங்காதீர்கள். அதே மோட்டாரில் 25 ஆம்பியர் கண்ட்ரோலர் போட்டால் ஓடத்தான் செய்யும், சுருளும் நைலான் பற்களும் அதற்கு விலை கொடுக்கும்.

சக்கரத்தைக் கோத்தே வாங்கிவிடுவது நல்லது. தனி மோட்டார் வாங்கிக் கோப்பதென்றால், ஹப்பின் விளிம்பு பெரிதாக இருப்பதால் பழைய ஸ்போக்ஸ் நீளம் பொருந்தாது, குட்டைக் கம்பி வேண்டும். தடியான 12 கேஜ் கம்பி போட்டால் உறுதி என்று நினைப்பது பொதுவான தவறு. அவ்வளவு தடித்த கம்பியை ரிம் தாங்கும் அளவு இழுவிசையில் நீட்ட முடியாது, ஓட ஓடத் தளர்ந்து வளைவில் முறியும். 13 அல்லது 14 கேஜ் போதும், ஒவ்வொரு கம்பியும் இன்னொரு கம்பியை ஒரே ஒருமுறை மட்டும் குறுக்கிடும்படி கோக்கச் சொல்லுங்கள்.

பேட்டரிக்குச் சுருக்கமாக. மோட்டாரை நம்பியே ஓட்டினால் கி.மீ.க்கு 12 வாட்-மணி, சேர்ந்து மிதித்தால் 8 முதல் 10. போகவர 30 கி.மீ.க்கு மோசமான நாளில் 360 வாட்-மணி வேண்டும். பேட்டரியின் ஐந்தில் நான்கு பங்கைத்தான் தினமும் எடுக்க வேண்டும் என்று வைத்தால் 36 வோல்ட், 13 ஆம்பியர்-மணி சரியாக இருக்கும். அலுவலகத்தில் சார்ஜ் செய்ய முடிந்தால் 10 ஆம்பியர்-மணி போதும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இரண்டு வைத்து ஓட்டலாமா என்று பக்கவாட்டு மோட்டார் வாங்குகிறவர்கள் கேட்பார்கள். அட்டையில் 168 வாட்-மணி கணக்கு வரும், வேகமாக எடுக்கும்போது 100 கிடைத்தாலே நல்லது, பத்து கி.மீ. தாண்டாது. பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து செல் பிரித்துக் கட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரி அதைத் தாண்டியிருக்கும். கழற்றி நிழலில் ஒருமணி நேரம் வைத்த பிறகு சார்ஜரைச் சொருகுங்கள்.

மாட்டும்போது தவறுவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். ஆக்சிலோடு வரும் கொக்கி வாஷரின் நாக்கு டிராப்அவுட்டின் பிளவுக்குள் விழ வேண்டும், வெளியே தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் நட் இறுகியதுபோலத் தெரிந்து பிறகு தளரும். டார்க் ஆர்மின் பிடி ஃபிரேம் குழாயில் அசையாமல் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவது கட்டாததற்குச் சமம். நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ஆக்சிலிலிருந்து வரும் வயரைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, பிறகு மேலே கொண்டுபோங்கள். நேராக மேலிருந்து இறக்கினால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே மோட்டாருக்குள் இறங்கும். பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருபக்கமும் இருக்க வேண்டும். பேட்டரியின் கூட்டல் முனைக்கு அருகிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. முதலில் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மெதுவாகத் திருகிப் பாருங்கள். உறுமிக்கொண்டு அதிர்ந்தால், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஹால் சென்சாரின் வயர் வரிசையும் மோட்டாரின் மூன்று தடித்த வயர்களின் வரிசையும் பொருந்தவில்லை, உடனே நிறுத்துங்கள், அதே நிலையில் ஓட்டினால் கண்ட்ரோலர் எரியும்.

வேளச்சேரி, தாம்பரம் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது உங்களுக்குத் தெரிந்ததே. 26 இன்ச் சக்கரத்தில் ஆக்சில் தரையிலிருந்து 33 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் வந்தாலே மோட்டார் மூழ்கிவிடும். ஓடிச் சூடான மோட்டார் தண்ணீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். அப்படி ஒருநாள் போக நேர்ந்தால் அன்றே பக்க மூடியைக் கழற்றி உலர்த்துங்கள். உள்ளே தங்கும் ஈரம் முதலில் ஹால் சென்சாரையும் பிறகு பேரிங்கையும் தின்னும். ஓடுகிறதே என்று விட்டால் இரண்டு மாதத்தில் நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் ஆக்சில் நட்டிலிருந்து டிராப்அவுட் வரை நேராக ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். முதல் 50 கி.மீ. ஓட்டியதும் நட்டுகளையும் ஸ்போக்ஸையும் மறுபடி இறுக்குங்கள், சக்கரத்துக்குப் பெண்டு எடுங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அன்று பஸ்ஸில் போங்கள், சக்கரத்தைக் கழற்றி டிராப்அவுட்டைப் பார்க்காமல் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.